இன்ஃபிளேமபிள்: தீப்பிடிக்குமா, பிடிக்காதா?

பாளை வாத்தியார்:
நாற்கரச் சாலையில் டேங்கர் லாரிக்குப் பின்னால் 'ஹைலி இன்ஃபிளேமபிள்' என்று எழுதியிருக்கும். அதற்கு 'தீப்பிடிக்கவே பிடிக்காது' என்று பொருள் சொல்கிற பிள்ளைகள் நிறைய. இன்கரெக்ட், இன்விசிபிள் என்று படித்த பழக்கம். 'இன்' வந்தாலே 'இல்லை' என்று எடுத்துக்கொள்கிறார்கள். லத்தீனில் 'இன்' இரண்டு உண்டு. ஒன்று மறுக்கும். மற்றது 'உள்ளே' என்று பொருள்படும். 'இன்ஃபிளமாரே' என்றால் தீ மூட்டுவது; நம் சொல் அதிலிருந்து வந்தது. டாக்டர் சொல்கிற இன்ஃபிளமேஷனுக்கும் அதே வேர். தமிழிலும் அதை அழற்சி என்கிறோம், அழல் என்றால் தீ. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போர்டில் எழுதிக் காட்டினால் மனசில் நின்றுவிடும்.

தாழையூத்து லாரி ஷெட்:
சரியாச் சொன்னீங்க அண்ணாச்சி. டேங்கர்ல எழுத்து மட்டுமில்ல, பலகையும் இருக்கும். 1203 பெட்ரோல், 1202 டீசல், 1075 சமையல் கேஸ். சிவப்புச் சாய்சதுரத்துல தீ நாக்கு இருந்தா பத்தும்னு அர்த்தம். பச்சைன்னா பத்தாத வாயு. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி வாக்கிலேயே, பொறி பட்டா பத்துற அளவுக்கு ஆவி விடும். நம்ம சித்திரை வெயில்ல கசிஞ்சா கேக்கவே வேண்டாம். தண்ணிய ஊத்திராதீங்க. பெட்ரோல் தண்ணிமேல மிதந்து, ஓடுற பக்கமெல்லாம் தீயைக் கொண்டுபோகும். நுரைதான் அடிக்கணும். பலகையில '3ஒய்இ'ன்னு இருக்குல்லா, அந்த 3 நுரையத்தான் சொல்லுது.

கோவில்பட்டி அக்கா:
குடோன் போர்டைத் தமிழில் எழுதும்போது 'எரியக்கூடியது' என்று முடித்துவிடாதீங்க. அது கம்பஸ்டிபிள். தீப்பெட்டி ஆபீஸில் மரச்சட்டமும் எரியும், மருந்து முக்கிய குச்சியும் எரியும். ஆனால் உரசின மாத்திரத்தில் பற்றுவது குச்சி. ஆக, 'எளிதில் தீப்பற்றும்' என்பதுதான் சரி. தின்னர் டின், கொசு ஸ்ப்ரே எல்லாவற்றுக்கும் இதையே எழுதலாம்.

பாளை வாத்தியார்:
அக்கா சொன்ன 'எளிதில்' முக்கியம். இந்தக் குழப்பம் உயிருக்கு ஆபத்து என்றுதான் அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கம் 1920-களிலேயே 'இன்'னை விட்டுவிட்டு 'ஃபிளேமபிள்' என்று எழுதச் சொன்னது. இரண்டுக்கும் பொருள் ஒன்றே. எதிர்ச்சொல் கேட்டால் 'நான்-ஃபிளேமபிள்'. 'ஃபிளேமபிள்' என்று எழுதினால் மார்க் போய்விடும்.