பனியில் பின்சக்கர இயக்கக் காரின் பிடிமானத்தைக் கூட்டுவது எப்படி?

கேள்வி:
மொன்றியலில் இது எனக்கு முதல் குளிர்காலம். என் பழைய கார் பின்சக்கரங்களால் இயங்குவது. குளிர்கால டயர்களை மாட்டியிருந்தும், சிறிய ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது அதன் பின்பக்கம் பக்கவாட்டில் வழுக்குகிறது. வேறு என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
எஞ்சினின் எடை முன்பக்கம் இருப்பதால், வண்டியை உந்தும் பின்சக்கரங்களின் மேல் போதிய பாரம் விழுவதில்லை. ஆகவே டிக்கியில், பின் அச்சுக்கு இயன்றவரை அருகில், 25 கிலோ மணல் மூட்டைகள் இரண்டை, பிரேக் பிடிக்கும்போது முன்னே பாயாதபடி இறுகக் கட்டி வையுங்கள். வண்டி சிக்கிக்கொண்டால் அந்த மணலையே சக்கரத்தடியில் தூவலாம்.

மறுமொழி 2:
மணலைவிட டயரே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தின் சட்டம் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயரைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் மேற்பரப்பிலுள்ள பள்ளங்களின் ஆழம் 4 மில்லிமீட்டராகக் குறையும் அளவுக்குத் தேய்ந்துவிட்ட டயர், பெயரளவில் குளிர்கால டயராக இருந்தாலும், பனியைக் கவ்வாது. பழைய கார் என்கிறீர்கள். முதலில் டயர்ப் பள்ளங்களின் ஆழத்தை அளந்து பாருங்கள். குளிரில் காற்றழுத்தமும் இறங்கும் என்பதால், காலையில் வண்டியை எடுக்கும் முன்பே அதையும் சரிபாருங்கள்.

மறுமொழி 3:
கியரைக் கையால் மாற்றும் வண்டியானால், இரண்டாம் கியரில் மெதுவாகக் கிளம்புங்கள். பின்பக்கம் வழுக்கினால் பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, அது வழுக்கும் திசையிலேயே ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். ஆளில்லாத வாகன நிறுத்துமிடம் ஒன்றில், உரிய அனுமதியுடன், இதைப் பலமுறை பழகிக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
அளந்து பார்த்தேன், பின் டயர்கள் இரண்டிலும் ஆழம் 3 மில்லிமீட்டர்தான் இருக்கிறது. நான்கையும் சேர்த்தே மாற்றப்போகிறேன். மிக்க நன்றி.