‘நாளை பள்ளிகளுக்கு விடுமுறையா?’: கேள்விக்குறிச் சண்டை

புரூஃப் பெஞ்சு: தலைப்பில் கேள்விக்குறி இல்லாவிட்டால் எவனும் திறக்க மாட்டான் என்று நேற்று இங்கே ஒருவர் பாடம் எடுத்திருந்தார். நவம்பர் மழை, இரவு பத்து மணி, ‘நாளை பள்ளிகளுக்கு விடுமுறையா?’ என்று தலைப்பு. திறந்தால் எட்டாவது பத்தியில் ‘ஆட்சியர் இன்னும் அறிவிக்கவில்லை’. காலையில் டிபன் பாக்ஸ் கட்டுவதா வேண்டாமா என்று கேட்கிற அம்மாவுக்கு இதுவா பதில்?

கிளிக்குமார்: அந்த ‘ஒருவர்’ நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். அறிவிப்பு வராதபோது ‘விடுமுறை’ என்று அடித்துவிடச் சொல்கிறீர்களா? 1948 அமெரிக்க அதிபர் தேர்தலில் சிகாகோ டிரிப்யூன் நாளிதழ் ‘ட்ரூமனை வீழ்த்தினார் டூயி’ என்று போட்டது. ஜெயித்த ட்ரூமன் அதே தாளைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார். ஒரு கேள்விக்குறி இருந்திருந்தால் மானம் தப்பியிருக்கும்.

புரூஃப் பெஞ்சு: அங்கே அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தம். முடிவு தெரியும் முன்பே தாள் அச்சுக்குப் போக வேண்டியிருந்தது. உங்களுக்கு என்ன வேலைநிறுத்தம்? ‘விடுமுறை அறிவிப்பு இதுவரை இல்லை’ என்று போட வேண்டியதுதானே.

கிளிக்குமார்: போட்டால் யார் திறப்பார்கள்?

புரூஃப் பெஞ்சு: திறக்காமலே விஷயம் தெரிந்துவிடும். உங்களுக்கு அதுதான் வலிக்கிறது.

ஒற்று மிகும்: நேற்றைய பதிவில் ‘தலைப்பு செய்தி’ என்று இருக்கிறது. தலைப்புச் செய்தி.

கிளிக்குமார்: வந்துட்டாருய்யா.

டீக்கடை ராசு: தினத்தந்தி 1942-ல் மதுரையில் ஆரம்பித்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் புரிய வேண்டும் என்பது ஆதித்தனார் வழி. இன்றைக்கும் பெட்டிக்கடையில் தொங்குகிற போஸ்டரை சைக்கிளில் போகிறவர் இறங்காமலே படித்துவிடுகிறார்.

புரூஃப் பெஞ்சு: போஸ்டரை இழுக்காதீர்கள் ராசு, அது தனிக் கதை. நான் கேட்பது கேள்விக்குறி. விஷயத்தை ஒளித்து வைக்கிற தலைப்புகளைத் தன் பக்கத்தில் கண்ணில் படாமல் கீழே தள்ளப்போவதாக 2016 ஆகஸ்டிலேயே ஃபேஸ்புக் அறிவித்தது. ஃபேஸ்புக்குக்கே கூசியிருக்கிறது.

கிளிக்குமார்: சரி சார். போன மலரில் என் கட்டுரைக்கு ‘நதிகளும் நாமும்’ என்று தலைப்பு வைத்தது யார்? என் வீட்டிலேயே யாரும் படிக்கவில்லை.

புரூஃப் பெஞ்சு: அதற்குத் தலைப்பா காரணம்?

கிளிக்குமார்: ஆ, கேள்விக்குறி!

புரூஃப் பெஞ்சு: இது தலைப்பு இல்லை, பதில். வித்தியாசம் தெரியாதவரோடு பேசிக்கொண்டிருக்கிறேன். மறுபடி சொல்கிறேன், எட்டாவது பத்தி. எட்டாவது!

ஒற்று மிகும்: எண்ணிப் பார்த்தேன். ஆறாவது.

புரூஃப் பெஞ்சு: நடுவில் வந்த இரண்டு விளம்பரத்தை யார் எண்ணுவது, உங்கள் தாத்தாவா?