ஜஹாங்கீர் கானின் 555: எண்ணியது யார்?

ஏற்காட்டான்: 'பாகிஸ்தானின் ஜஹாங்கீர் கான் தொடர்ந்து 555 ஸ்குவாஷ் ஆட்டம் தோற்காத வீரர், ஆனால் உலக ஸ்குவாஷ் கூட்டமைப்பின் தலைவராகப் பூஜ்யம்' என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். தலைவர் கதை அப்புறம். அந்த 555 எங்கிருந்து வந்தது? 1981 ஏப்ரலில் பிரிட்டிஷ் ஓப்பன் இறுதியில் ஜெஃப் ஹண்டிடம் தோற்றார். அடுத்த தோல்வி 1986 நவம்பரில், துலூஸில், ராஸ் நார்மனிடம். இடைவெளி ஐந்தரை வருடம். மாதம் எட்டு ஆட்டத்துக்கு மேல் வருகிறது. பட்டியல் எங்கே?

குகை பையன்: அந்த 'ஒருவர்' நான்தான். பெயரைச் சொன்னால் வாய் வலிக்குமா? ஒரு தொடரில் இறுதி வரை போனாலே நாலைந்து ஆட்டம். மாதத்துக்கு இரண்டு தொடர், கணக்கு முடிந்தது.

ஏற்காட்டான்: கணக்கு கேட்கவில்லை. பட்டியல் கேட்டேன்.

ஃபேர்லேண்ட்ஸ் அக்கா: 17 வயதில் உலகப் பட்டம். 1982 முதல் 1991 வரை தொடர்ந்து 10 பிரிட்டிஷ் ஓப்பன். அது 555 ஆனால் என்ன, 500 ஆனால் என்ன? 'பூஜ்யம்' என்றதுதான் எனக்கு எரிச்சல். 2002 முதல் 2008 வரை தலைவர். 2005இல் சிங்கப்பூரில், ஒலிம்பிக்கில் புது விளையாட்டு சேர்க்கும் ஓட்டெடுப்பில், ஸ்குவாஷும் கராத்தேவும் கடைசிக் கட்டம் வரை வந்தன. மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு கிடைக்காமல் லண்டன் 2012 கைநழுவியது. அதற்கு அவர் ஒருவரா பொறுப்பு?

குகை பையன்: கிடைக்கவில்லைதானே? அதைத்தான் பூஜ்யம் என்றேன்.

ஃபேர்லேண்ட்ஸ் அக்கா: அவருக்குப் பின் நம் சென்னைக்காரர் என். ராமச்சந்திரன் தலைவரானார். 2013இல் ஒலிம்பிக் இடத்துக்கான ஓட்டில் மல்யுத்தத்திடம் தோற்றோம். அவரும் பூஜ்யமா? 2023 அக்டோபரில் மும்பையில்தான் லாஸ் ஏஞ்சல்ஸ் 2028க்கு இடம் கிடைத்தது. இத்தனை வருடம் கதவைத் தட்டியவர்களுக்கு அதில் பங்கே இல்லையா?

ஏற்காட்டான்: அக்கா, 500 ஆனால் என்ன என்று எப்படிச் சொல்கிறீர்கள்? நம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் தாண்டியது 1.89 மீட்டர். அளந்து எழுதினார்கள். இரண்டு மீட்டர் என்று சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா?

அம்மாபேட்டை: நம்ம பையனை எதற்கு இதில் இழுக்கிறீர்கள்? ஏற்காடு மலைப்பாதை பற்றிய சண்டையிலும் இப்படித்தான், 20 கொண்டை ஊசி வளைவையும் எண்ணச் சொல்லி எல்லாரையும் படுத்தினீர்கள்.

ஏற்காட்டான்: அதிலும் நான்தான் சரி. அங்கே வளைவுக்கு வளைவு எண் போட்ட பலகை இருக்கிறது. 555க்குப் பலகை எங்கே?

அம்மாபேட்டை: மலை மேல் இருப்பவர்களுக்குக் கீழே இருப்பவர்கள் எல்லாம் முட்டாள்கள்.

ஏற்காட்டான்: ஊர்ச் சண்டையை விடுங்கள். ஐந்தரை வருடம் தோற்காதவர் என்று எழுதுங்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். எண்ணைப் போட்டால் பட்டியல் வேண்டும்.

குகை பையன்: 555தான். மாற்ற மாட்டேன்.

ஏற்காட்டான்: பட்டியல்?