கார்ல்டன் சாப்மன்: கேப்டனாகவும் கோச்சாகவும் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கௌதமபுரத்துக்காரன்:

புட்பால் ஆட்டக்காரர் கார்ல்டன் சாப்மன் பெயரைச் சொன்னால் நம் பெங்களூரிலேயே இருபது வயதுப் பையன்கள் யார் அது என்று கேட்கிறார்கள். சுனில் சேத்ரியைத் தெரியும். பெங்களூரு எஃப்.சி. 2013இல் தொடங்கி முதல் சீசனிலேயே அப்போதைய தேசிய கிளப் லீக்கான ஐ-லீக் ஜெயித்ததும் தெரியும். அதற்கெல்லாம் முன்னால் இதே ஊரிலிருந்து போய் இந்திய அணிக்குக் கேப்டனாக இருந்த ஒருத்தர், ஆட்டத்தை விட்ட பிறகும் ஊர் ஊராகப் போய்ப் பையன்களைப் பழக்கிக்கொண்டே இருந்து, 2020 அக்டோபர் 12ஆம் தேதி 49 வயதில் இங்கேயே மாரடைப்பில் இறந்துபோனார் என்பது மட்டும் தெரியவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. அவர் ஆட்டத்தைப் பார்த்தவர்கள், அவரை கிரவுண்டில் பார்த்தவர்கள் எழுதுங்கள். நான் ஆரம்பிக்கிறேன்.

நான் அல்சூர் பக்கம் கௌதமபுரம். அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா சிலைகளோடு பிரேசில் ஆட்டக்காரர் பீலேக்கும் சிலை வைத்த ஏரியா எங்களுடையது. உலகக் கோப்பை வந்தால் சுவரெல்லாம் மஞ்சளும் பச்சையுமாக ஆகிவிடும். அந்த மாதிரி இடத்தில் வளர்ந்தவனுக்கு புட்பால் பேச்சு என்பது சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியா அடித்த ஒரே கோல் நம்ம சாரங்கபாணி ராமன் அடித்தது, பாதிக்கு மேல் ஆட்டக்காரர்கள் பூட்ஸ் இல்லாமல் வெறுங்காலோடு ஆடியது, இரண்டு பெனால்டி வீணாகி 2-1 என்று தோற்றது, இதையெல்லாம் என் மாமா நேரில் பார்த்தவர் மாதிரியே சொல்வார்.

சாப்மன் கதையும் அந்தப் பேச்சில்தான் முதலில் காதில் விழுந்தது. 1971இல் பிறந்தவர். இங்கே சாய் (இந்திய விளையாட்டு ஆணையம்) மையத்தில் பழகி, சதர்ன் ப்ளூஸ் என்ற உள்ளூர் கிளப்பில் ஆடி, 1990இல் ஜாம்ஷெட்பூர் டாடா புட்பால் அகாடமிக்குப் போனார். 1993இல் கொல்கத்தா கிளப் ஈஸ்ட் பெங்கால். அந்த வருஷமே ஆசிய கிளப்புகளுக்கான கப் வின்னர்ஸ் கப்பில் ஈராக்கின் அல் ஜவ்ராவை ஈஸ்ட் பெங்கால் 6-2 என்று அடித்தது, அதில் மூன்று கோல் சாப்மனுடையது. 22 வயது, நடுக்களத்து ஆட்டக்காரர், எதிரில் ஈராக் கிளப்! இன்றைக்கு ஒரு இந்தியப் பையன் இதைச் செய்தால் ஒரு வாரத்துக்கு நம்மைத் தூங்க விட மாட்டார்கள்.

அப்புறம் 1995இல் பஞ்சாபில் பக்வாராவின் ஜே.சி.டி. கிளப். ஐ.எம். விஜயன், பாய்ச்சுங் பூட்டியா, சாப்மன் மூன்று பேரும் ஒரே அணியில். 1996-97இல் முதல்முதலாக நடந்த தேசிய கால்பந்து லீக் அவர்களுக்குத்தான். தெற்காசிய நாடுகள் ஆடும் 1997 சாஃப் கோப்பையை இந்தியா ஜெயித்தபோது கேப்டன் இவர்தான். நடுவில் ஒரு சீசன் எஃப்.சி. கொச்சின், 1998இல் மறுபடி ஈஸ்ட் பெங்கால், 2001இல் அவர் கேப்டனாக இருக்க ஈஸ்ட் பெங்காலுக்கு தேசிய லீக் பட்டம். அந்த வருஷமே ஆடுவதை நிறுத்திவிட்டார், வயது 30.

நான் அவரை நேரில் பார்த்தது இதற்கெல்லாம் ரொம்பப் பின்னால். அசோக் நகர் புட்பால் ஸ்டேடியத்தில், கருடா மால் பக்கத்தில், ஒரு மத்தியான மேட்ச். ஸ்டூடண்ட்ஸ் யூனியன் என்ற உள்ளூர் கிளப்புக்கு அவர் கோச். கேலரியில் ஆள் ரொம்பக் குறைவு. பந்து எங்கே போகிறதோ அங்கேதான் எல்லாரும் பார்ப்போம், அவர் பார்வை பந்து இல்லாத பையன்கள் மேலேயே இருந்தது. அன்றைக்கு நான் மேட்ச்சைப் பார்த்ததைவிட அவரைப் பார்த்ததுதான் அதிகம். முடிந்து வெளியே வரும்போது வணக்கம் சொன்னேன், சிரித்துக் கை கொடுத்தார், அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

தேசிய அணிக் கேப்டனுக்கு இதெல்லாம் சின்ன வேலை என்று சிலர் பரிதாபப்படுவார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. டாடா அகாடமி, ஷில்லாங்கில் ராயல் வாகிங்டோ, கொல்கத்தாவில் பவானிபூர், இங்கே ஸ்டூடண்ட்ஸ் யூனியன், கடைசியில் கோழிக்கோட்டில் குவார்ட்ஸ் அகாடமி. கேமரா வராத இடங்களாகவே இருக்கட்டும், பதினைந்து பதினாறு வயதுப் பையனுக்குக் கால் பழகுவது அங்கேதானே?

ஐ.டி.ஐ. ரிட்டயர்டு:

தம்பி, நல்லா எழுதியிருக்கீங்க. ஒரு விஷயம் விட்டுப்போச்சு, அதை நான் சொல்கிறேன், ஏனென்றால் நான் வேலை பார்த்ததே அந்த உலகத்தில்.

எங்கள் காலத்துப் பெங்களூரில் புட்பால் என்றால் டெலிபோன் கம்பெனி ஐ.டி.ஐ., விமானக் கம்பெனி எச்.ஏ.எல்., பட்டாளத்து எம்.இ.ஜி. இப்படிக் கம்பெனி, பட்டாள அணிகள்தான். நன்றாக ஆடுகிற பையனுக்கு விளையாட்டுக் கோட்டாவில் வேலை. காலையில் பஞ்ச் அடித்துவிட்டு மத்தியானம் கிரவுண்டுக்கு வந்துவிடுவான். முப்பத்தைந்து வயதில் முட்டி போனால்கூடச் சம்பளம் நிற்காது, ரிட்டயர் ஆனால் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் கைக்கு வரும். எங்கள் செக்ஷனிலேயே அப்படி இரண்டு மூன்று பேர் இருந்தார்கள், சாகும்வரை ராஜா மாதிரி இருந்தார்கள். பி.கே. பானர்ஜியை எடுத்துக்கொள்ளுங்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் கேப்டன், 1970 பாங்காக் ஆசியப் போட்டியில் இந்தியா வெண்கலம் வாங்கியபோது கோச். அவ்வளவு பெரிய ஆட்டக்காரர், மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் ஆடாமல் ஈஸ்டர்ன் ரயில்வேக்கே ஆடினார். ரயில்வே என்ற தரை காலுக்குக் கீழே இருந்தது.

சாப்மன் தலைமுறை அந்தத் தரையை விட்டு வெளியே வந்த தலைமுறை. கிளப் காண்ட்ராக்டில் ஆடிப் பிழைக்கலாம் என்று நம்பிப் போனவர்கள். அந்தத் துணிச்சலுக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் கிளப் நிலைக்க வேண்டுமே? எஃப்.சி. கொச்சின் சில வருஷத்திலேயே மூடப்பட்டது. ஜே.சி.டி. 2011இல் அணியைக் கலைத்துவிட்டது. அவர் பயிற்சி கொடுத்த ராயல் வாகிங்டோகூட, அவர் காலத்துக்குப் பின்னால் 2014-15 ஐ-லீக்கில் மூன்றாவது இடம் வந்தும் விலகிப் போய்விட்டது. ஆடின வீடும் இல்லை, கட்டின வீடும் இல்லை. இப்படியிருக்க ஒரு மனுஷன் முப்பது வயதில் பூட்ஸைக் கழற்றிவிட்டு மறுபடி அதே கிரவுண்டுக்கு விசில் எடுத்துக்கொண்டு போகிறார் என்றால், அது வேறு வழியில்லாமல் என்று சிலர் சொல்லக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. வேறு வேலை தேடியிருக்கலாம், ஷில்லாங் குளிரில் போய் நிற்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

விவேக்நகர் அம்மா:

எனக்கு ஆட்டத்தைப் பற்றி அதிகம் தெரியாது ஐயா, சாப்மன் அவர்களைப் பார்த்ததும் இல்லை. ஆனால் என் பையன் ஆஸ்டின் டவுன் கிரவுண்டில் பழகுகிறான், பதிமூன்று வயது. அவனுடைய கோச், மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி ஆடியவர், பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. விடிகாலையில் நான் கொண்டுபோய் விட்டுவிட்டு அங்கேயே ஓரமாக உட்கார்ந்திருப்பேன், அதனால் அவர் சொல்வதெல்லாம் காதில் விழும்.

அவர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வார். பந்து உன்னிடம் வருவதற்கு முன்னால் இரண்டு தோளுக்குப் பின்னாலும் பார்த்துவிடு, வந்த பிறகு பார்க்க நேரம் இருக்காது. நேராக நின்று வாங்காதே, பாதி திரும்பி நின்று வாங்கு, அப்போதுதான் முதல் தொடுதலிலேயே முன்னால் போக முடியும். இதைச் சாப்மன் ஆடிப் பார்த்துக் கற்றுக்கொண்டேன் என்பார். நேற்று வீட்டில் தண்ணீர் எடுக்க வந்த என் பையன் கதவுக்குள் நுழையும்போதே இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு வருகிறான்! அவன் அப்பா, என்னடா கழுத்து வலியா என்று கேட்கிறார்.

எனக்கு ஒரு சந்தேகம். பையனுக்கு இப்போதே கோச் ஆகணும் என்று ஆசை. ஆடிய அனுபவம் போதுமா, இல்லை இதற்கு ஏதாவது படிப்பு உண்டா? நீங்கள் எல்லாரும் எழுதியதைப் படித்தால் பயமாகவும் இருக்கிறது, அதே சமயம் அவனைத் தடுக்கவும் மனசு வரவில்லை.

கௌதமபுரத்துக்காரன்:

அக்கா, தடுக்காதீர்கள். முதலில் அவன் ஆடட்டும், பத்தாவது பன்னிரண்டாவதையும் ஒழுங்காக முடிக்கட்டும், ஐ.டி.ஐ. ஐயா சொன்ன அந்தத் தரையை நீங்களே அவனுக்குப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும். கோச் ஆவதற்கு லைசென்ஸ் உண்டு. டி-யில் ஆரம்பித்து சி, பி, ஏ, கடைசியில் ப்ரோ. ஒன்றை முடித்தால்தான் அடுத்தது, நடுவில் ஒரு அணியோடு வேலை பார்த்த அனுபவமும் கேட்பார்கள். இந்தியாவின் பெரிய கிளப் லீக்கான ஐ.எஸ்.எல்.-இல் தலைமைக் கோச்சாக உட்கார ப்ரோ வேண்டும். இந்தியாவுக்கு ஆடியவராக இருந்தாலும் இந்தப் படி ஏறித்தான் ஆக வேண்டும், அது சரியும்கூட, நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தெரிவதில்லை.

வழி முன்னைவிட இப்போது திறந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். தேசிய அணி என்றாலே கான்ஸ்டன்டைன், ஹாட்டன், ஸ்டிமாச் என்று பெரும்பாலும் வெளிநாட்டு கோச்கள்தான் வந்துகொண்டிருந்தார்கள். 2025 ஆகஸ்ட்டில் காலித் ஜமீலைப் போட்டார்கள். அவர் மும்பையில் ஆடிய மிட்ஃபீல்டர், மும்பை எஃப்.சி.க்கு வருஷக்கணக்கில் கோச்சாக இருந்து, 2016-17இல் மிசோரத்தின் ஐஸால் அணியை ஐ-லீக் சாம்பியன் ஆக்கியவர். சின்ன அணிகளில் வேலை பார்த்தே மேலே வந்தவர். சாப்மனுக்கு இன்னும் ஒரு பத்து வருஷம் கிடைத்திருந்தால் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

ஜாம்ஷெட்பூரில் இருந்த தமிழர்கள் இதைப் படித்தால் டாடா அகாடமியில் அவர் கோச்சாக இருந்த காலத்தைப் பற்றி எழுதுங்கள். 1993இல் கொல்கத்தாவில் யாராவது அந்த அல் ஜவ்ரா மேட்ச்சுக்குப் போயிருந்தால் கட்டாயம் எழுதுங்கள். ஸ்கோரைத்தான் படித்திருக்கிறேன், அந்த மூன்று கோலும் எப்படிப் போனது என்று பார்த்தவர் ஒருத்தர் சொல்லிக் கேட்க வேண்டும்.