எழுத வந்த கதை: வேலிக்கு இடையால் வந்த தணல்

தெற்கு வளவு எழுதியது:

போன மாதம் யாழ்ப்பாணத்தில் ஒரு நூல் வெளியீடு. ஏற்புரை எல்லாம் முடிந்து தேத்தண்ணியும் வடையும் கைக்கு வந்த நேரம், பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை ஒருத்தி கொப்பியோடு வந்தாள். "அண்ணை, உங்களைப் பாதித்த கவிஞர்கள் ஆர்?" வழமையான பட்டியலைச் சொன்னேன். பாரதி, எங்கள் ஈழத்துக் கவிஞர்கள் மஹாகவி, முருகையன். குறித்துக்கொண்டு போய்விட்டாள். எனக்குத்தான் சைக்கிளில் வீடு வரும்வரை உறுத்தியது. சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவர்களை ஒழுங்காக வாசித்தபோது எனக்குப் பதினெட்டு வயது. அதற்கு நாலு வருடம் முந்தியே நான் மாட்டுப்பட்டுவிட்டேன். இங்கே ஆளாளுக்கு எழுத வந்த கதை சொல்லிக்கொண்டிருப்பதால், அந்தப் பிள்ளைக்குச் சொல்லாத பதிலை இதில் போடுகிறேன்.

எங்கள் ஊர் வலிகாமத்தில் இருக்கிறது. அம்மம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் புராணப் படிப்புக்குப் போவேன். கந்தபுராணம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டு. ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார், மற்றவர் பயன், அதாவது பொருள், சொல்லுவார். பாட்டு எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. பயனும் பாதிதான். ஆனால் வாசிப்பவர் எந்த இடத்தில் மூச்சு விடுவார் என்பது மட்டும் அத்துப்படியாகிவிட்டது. நித்திரை தூங்கிக்கொண்டே அடுத்த அடி விழும் இடத்தில் தலையை ஆட்டுவேன் என்று அம்மம்மா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தா.

பயன் சொன்னவரை எல்லோரும் 'புலவர்' என்போம். உண்மையில் இளைப்பாறிய வாத்தியார். ஊரில் யார் செத்தாலும் கல்வெட்டுப் பாடுகிறவர் அவர்தான். தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்காக ஒரு சொல்: எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவது இல்லை. இறந்தவருக்காக அச்சடித்து முப்பத்தோராம் நாள் கொடுக்கிற சின்னப் புத்தகம். முதலில் ஒரு திதி வெண்பா கட்டாயம் இருக்கும். வருடம், மாதம், பக்கம் (வளர்பிறையோ தேய்பிறையோ), திதி, ஆளின் பெயர், ஊர் எல்லாவற்றையும் நாலு அடிக்குள் அடக்கவேண்டும். அதன் பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல். உயிரோடு இருக்கும்போது மாமனாரோடு ஒரு வார்த்தை கதைக்காத மருமகனும் அதில் எட்டு வரிக்கு அழுவார். அழுகிறவர் புலவர்தான்.

புலவருக்குக் கண்ணில் படலம் விழுந்துவிட்டது. எழுதிக் கொடுக்க ஒரு பெடியன் வேண்டும். என் கையெழுத்து முத்துமாதிரி என்று அம்மா என்னை அனுப்பிவிட்டா. கூலியாக எனக்கு இலவசத் தமிழ்ப் பாடம். இது 1993, 94. மின்சாரம் 1990 இலேயே போய்விட்டது. ஜாம் போத்தல் விளக்கில்தான் எல்லாம். பத்திரிகையையே அப்பியாசக் கொப்பித் தாளில் அச்சடித்த காலம் என்பதால் எனக்குப் புதுக் கொப்பி எங்கே கிடைக்கும்? பழைய கல்வெட்டுகளின் எழுத்தில்லாத பின்பக்கத்தில், அழித்து அழித்துப் பென்சிலால் எழுதினேன். அதுதான் என் கொப்பி. முன்பக்கம் ஒரு செத்தவர், பின்பக்கம் இன்னொரு செத்தவர்.

அவர் விரலை மடக்கி மடக்கிச் சீர் சொல்லுவார். நான் எழுதுவேன். இரண்டு மாதத்தில் எனக்கே பிடிபட்டுவிட்டது. மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர். மா, விளம், காய் என்பது ஒரு சீர் முடிகிற விதம்; நேர், நிரை என்பது அடுத்த சீர் தொடங்குகிற அசை. மெய்யை விட்டுப் பார்த்தால் நேர் தனியெழுத்து, நிரை குறிலில் தொடங்கும் இரண்டெழுத்து. இந்தப் பொருத்தம்தான் தளை. கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு இந்த நாலில் ஒன்றாக முடியவேண்டும். கணக்குப் பாடத்தில் வராத சந்தோசம் எனக்கு இதில் வந்தது. அலுப்பும் வந்தது. எல்லாக் கல்வெட்டும் ஒரே கல்வெட்டு! ஆண்கள் எல்லோரும் பண்பாளர், பெண்கள் எல்லோரும் குலவிளக்கு. பெயரையும் திதியையும் மாற்றினால் சரி. ஊரில் எனக்குத் தெரிந்த ஒரு பெருங்குடிகாரரும் 'ஒழுக்கத்தின் உறைவிடம்' ஆகிப் போனார். அதை எழுதியது என் கைதான்.

1994 மாசியில் அம்மம்மா செத்துப்போனா. சீமுக வருடம். புலவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, திதி வெண்பாவை நான் பாக்கிறன். கீழ ரெண்டடிக் குறள் வெண்பா ஒண்டுக்கு இடம் கிடக்கு. நீர்தான் பேரன். அவ செய்த ஒரு காரியம் சொல்லும்" என்றார்.

"நல்லவ ஐயா."

"அது குணம். நான் கேட்டது காரியம்."

கனநேரம் யோசித்தேன். ஒன்றுதான் வந்தது. பொருளாதாரத் தடையில் நெருப்புப் பெட்டி கண்ணால் காணக் கிடைக்காது, கிடைத்தால் யானை விலை. எங்கள் அடுப்பில் மட்டும் சாம்பலுக்குள் எப்போதும் தணல் கிடக்கும். இரவு படுக்க முதல் ஊமற்கரியை வைத்து, சாம்பலால் மூடிவிட்டுத்தான் அம்மம்மா பாயை விரிப்பா. பின்னேரம் பொழுதுபட, கிடுகு வேலியில் ஒரு கண்டாயம் இருந்தது, அதற்குள்ளால் சிரட்டையில் தணல் எடுத்து நீட்டுவா. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை வந்து வாங்கும். ஆரென்று முகம் தெரியாது. வளையலை வைத்து ஆள் கண்டுபிடிப்போம். சிரட்டை மட்டும் அடுத்த நாள் காலமை வேலிக் கதியாலில் கவிழ்த்தபடி இருக்கும்.

இதைச் சொன்னேன். "எழுதும்" என்றார். எழுதினேன்: வேலியால் எல்லோர்க்கும் நெருப்புக் கொடுத்தாளே.

விரலை மடக்கினார். "எல்லோர்க்கும், காய்ச்சீர். அதுக்குப் பிறகு நெருப்பெண்டு நிரையில தொடங்கினால் தளை தட்டும். நெருப்புக்கு வேற சொல் இல்லையோ தமிழில?" 'தீ' என்றேன். ஓரெழுத்து, நேர். அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் இருட்டும்வரை இழுபட்டோம். முடிவில் வந்தது இது:

வேலிக் கிடையால் விளக்கேற்றத் தீக்கொடுத்தாள்
நாலுவீட் டுக்கும் தினம்.

எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. கையையும் சிரட்டையையும் பார்த்தமாதிரி இருந்தது.

அச்சகத்தில் பெரிய மாமா பார்த்துவிட்டுச் சிவப்புப் பென்சிலை எடுத்தார். "செத்த வீட்டுக் கல்வெட்டில தீக்கொடுத்தாள் எண்டு எழுதுறதோ? கொள்ளி வைச்ச கதைமாதிரிக் கிடக்கு. சனம் என்ன சொல்லும்?" அடித்துவிட்டு, இல்லறம் காத்த நல்லாள் என்று எங்கேயோ வாசித்த வரியைப் போடச் சொன்னார். தளையும் இல்லை, ஒன்றும் இல்லை. புலவர் ஒரு சொல் மறுத்துச் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கு அவரில் எனக்குக் கொஞ்சம் கோபம், இப்போதும் உண்டு. திரும்பி வரும்போது சைக்கிள் கரியரில் இருந்தபடி, "தம்பி, அது உம்மட கொப்பியில கிடக்குதுதானே" என்று மட்டும் சொன்னார்.

நான் எழுதத் தொடங்கியதற்குக் காரணம் கேட்டால் அந்தச் சிவப்புப் பென்சில் கோடுதான். ரோசம். வேறு பெரிய இலட்சியம் ஒன்றும் அப்போது இல்லை.

கொப்பியும் மிஞ்சவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள், வலிகாமத்துச் சனம் முழுக்கச் செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் யுத்தத்தில் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நகர்ந்தபோது கொப்பியைப் பற்றி யார் நினைத்தது? அடுத்த சித்திரையில் திரும்பி வந்தபோது வீட்டில் ஓடும் இல்லை, யன்னலும் இல்லை, அலுமாரி இருந்த இடத்தில் கறையான் புற்று. அந்த இரண்டு வரி மட்டும் வாயில் இருந்தது.

புலவர் தென்மராட்சியிலேயே மார்கழியில் போய்விட்டார். அவருக்குக் கல்வெட்டு இல்லை. நான் ஒரு திதி வெண்பா கட்டிப்பார்த்தேன். வருடம் 'யுவ', இரண்டே எழுத்து, புலவருக்குப் பிடித்த மாதிரிச் சுகமான பெயர். அப்படியிருந்தும் மூன்றாம் அடியில் தட்டுகிறது. இன்னும் திருத்தவில்லை.

மஹாகவியை 98 இல்தான் எங்கள் ஊர் வாசிகசாலையில் எடுத்தேன். அளவெட்டிக்காரர், 1971 இல் நாற்பத்துநாலு வயதில் போய்விட்டார். யாப்புக்குள் ஆட்கள் கதைக்கிறமாதிரிக் கதைக்கலாம், வயலும் கிணறும் பஸ்சும் வரலாம் என்று அவரில் பார்த்தபோது, 'அட, புலவர் ஐயா இதைத்தானே கேட்டவர்' என்றுதான் முதலில் தோன்றியது. அதனால் அந்தப் பிள்ளைக்குச் சொன்ன பட்டியல் பிழை இல்லை, வரிசைதான் பிழை.

பழைய வாசகன் எழுதியது:

எனக்கு யாப்பும் தெரியாது, கவிதையும் வராது. ஆனால் நாற்பது வருடமாகப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். காரணம் ஒரு சிறுவர் கதைப் புத்தகம்.

1981 மே மாதக் கடைசியில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எடுத்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. திருப்பிக் கொடுக்கவேண்டிய திகதி ஜூன் 4 என்று பின்னட்டைத் தாளில் ஊதா முத்திரை. மே 31 இரவுக்குப் பிறகு கொடுக்க நூலகம் இல்லை. எரித்துவிட்டார்கள். ஏறக்குறைய 97,000 புத்தகங்கள் போய்விட்டன. அய்யா, "பிந்தினால் குற்றப்பணம் கட்டவேணும்" என்று பழக்கதோசத்தில் சொல்லிவிட்டு, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது ஞாபகம்.

புத்தகம் இன்னும் என்னிடம்தான். திரும்பக் கட்டித் திறந்த பிறகு ஒருநாள் பையில் வைத்துக்கொண்டு வாசல்வரை போனேன். கொடுக்க மனம் வரவில்லை. வெளியே ஐஸ்கிறீம் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

கரவெட்டிப் பிள்ளை எழுதியது:

தெற்கு வளவு அண்ணை, உங்களுக்குச் சிவப்புப் பென்சில். எனக்கு என் அக்காவின் கொப்பி.

அக்கா சிவரமணியின் கவிதைகளைக் கையால் பிரதிபண்ணி வைத்திருந்தவ. 1991 மே மாதம் சிவரமணி தன் எழுத்துகளைத் தானே எரித்துவிட்டு உயிரையும் விட்டபோது அவருக்கு 22 வயது. வீட்டில் அன்று யாரும் சத்தம் போட்டுக் கதைக்கவில்லை. அக்கா கொப்பியை எடுத்து அரிசிப் பானைக்குள் வைத்தா. ஏன் அங்கே என்று இன்றுவரை சொன்னதில்லை. நான் எட்டு வயதில் அரிசி அளக்கப் போய்த்தான் முதலில் கவிதை வாசித்தேன். விளங்கவில்லை. ஆனால் ஒளித்து வைக்கிற சாமான் என்று விளங்கியது. அதற்குப் பிறகு நான் எழுதியதையும் ஒளித்துத்தான் எழுதினேன். கலியாணம் கட்டி மூன்று வருடத்துக்குப் பிறகுதான் இவருக்கே தெரியும்.

கஸ்தூரியார் வீதி எழுதியது:

சின்னக் குறிப்பு. மல்லிகை நடத்திய டொமினிக் ஜீவாவை நான் 80களில் கஸ்தூரியார் வீதியில் பார்த்திருக்கிறேன். சலூன் தொழிலாளியாக இருந்து 1966 இல் சஞ்சிகை தொடங்கியவர். சைக்கிளில் கட்டுக்கட்டாக இதழைக் கொண்டுபோய்த் தானே விற்பார். நான் எழுதிய கதை ஒன்றை நீட்டினேன். வாங்கமுதல், "தம்பி, இந்த மாத இதழ் வாசிச்சிட்டீரோ?" என்று கேட்டார். வாசிக்கவில்லை. காசு கொடுத்து ஒன்று வாங்கினேன். என் கதை வரவில்லை, ஆனால் வாசகனாகிவிட்டேன். நல்ல வியாபாரி!

வெண்பாப் பைத்தியம் எழுதியது:

தெற்கு வளவுக்கு. தளை எல்லாம் பார்த்தேன், ஒரு இடமும் தட்டவில்லை. 'தினம்' மலர் வாய்பாடு, சரி. வேலி, விளக்கு மோனையும் அழகு. ஆனால் 'நாலு' பேச்சு வழக்கு அல்லவா? 'நான்குவீட் டுக்கும்' என்று போட்டாலும் அதே நேர் நிரை, கூவிளம்தானே, ஓசை கெடாதே?

தெற்கு வளவு எழுதியது:

ஓசை கெடாது, வேலி, நாலு என்ற எதுகை போய்விடும். இதே கேள்வியை அன்று நானும் கேட்டேன். சரியான தமிழ் எழுதவேண்டும் என்ற துடிப்பு, பதினாலு வயது. புலவர் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு, "உம்மட அம்மம்மா எப்பவாவது நான்கு எண்டு சொன்னவவோ?" என்று கேட்டார்.