தையல் போடும்போது வந்த ஃபோன்

மூன்றாமாண்டு: "சர்ஜனா இருந்துக்கிட்டு நல்ல அம்மாவா இருக்கவே முடியாது"ன்னு நேத்து இங்கே ஒருத்தர் அடிச்சு விட்டிருந்தார். படிச்சதுல இருந்து ஆத்திரமா வருது. நான் ஒரு பெண் சர்ஜன் கூடவே நின்னு வேலை பார்க்கக் கத்துக்கிறேன். லேப்ராஸ்கோப்பில (சின்னத் துளை வழியா கேமரா விட்டு) பித்தப்பையை எடுத்துட்டு, தோல் தைக்கிற நேரம் வீட்டிலிருந்து ஃபோன். நர்ஸ் ஸ்பீக்கர்ல போட்டாங்க. "காய்ச்சல் விட்டுச்சாடா? மருந்து குடி, வந்துடறேன்." அவ்வளவுதான். ஊசி நிக்கவே இல்ல.

கத்திமுனை: அந்த ஒருத்தர் நான்தான். நீங்களே சாட்சி சொல்லிட்டீங்க, நன்றி. வயித்தைத் திறந்து வெச்சுக்கிட்டு ஃபோன்!

மூன்றாமாண்டு: வயித்தைத் திறக்கல, துளை வழியா செஞ்சது. தோல் தையல்னு எழுதியிருக்கேன்.

கத்திமுனை: தோலும் உடம்புதானே? ஃபோன் ஃபோன்தான்.

நிலாமகள்: ஆண் சர்ஜன் ஃபோன் பேசினா "பிஸியான டாக்டர்", அம்மா பேசினா குத்தமா? 2017ல பிஎம்ஜேங்கிற பிரிட்டிஷ் மருத்துவ இதழ்ல வந்த கனடா ஆய்வுல, பெண் சர்ஜன்களோட நோயாளிகள் 30 நாளுக்குள்ள இறக்கிறது கொஞ்சம் குறைவுதான்.

கத்திமுனை: அந்த ஆய்வுல ஃபோன் எடுத்தவங்க கணக்கு இருக்கா? இல்லல்ல? அப்புறம் என்ன.

தியேட்டர் அக்கா: நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். பித்தப்பையில கண்டம் எங்கேன்னா, பித்தப்பையோட பித்தநாளத்தையும் ரத்தக்குழாயையும் பிரிச்சுப் பார்த்து கிளிப் போடுற இடம். ஈரல்ல இருந்து குடலுக்குப் பித்தம் போற பொது பித்தநாளத்தை மாத்தி வெட்டிட்டா அந்த நோயாளி கதி அதோகதி. அப்ப யார் ஃபோனையும் தொட மாட்டேன். தோல் தைக்கிறப்போ எடுப்பேன். ஆனா தம்பி, உள்ளே எதுவும் விட்டுப் போகலைன்னு பஞ்சு, கருவியெல்லாம் எண்ணி முடிச்சாச்சா?

மூன்றாமாண்டு: எண்ணியாச்சுக்கா. அப்புறம்தான் ஃபோன்.

கத்திமுனை: இதை முதல்லயே ஏன் எழுதல? அக்கா கேட்டதும் முளைக்குதே!

நிலாமகள்: மயக்க மருந்து பத்தி இங்கே நடந்த இன்னொரு விவாத இழையில நான் கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லாம ஓடினவர், முளைக்கிறதைப் பத்திப் பேசறார்.

கத்திமுனை: நான் ஓடல. அங்கே உங்க கேள்வியே தப்பு.

தியேட்டர் அக்கா: அந்த இழையில என்னையும் "வெறும் நர்ஸ்"னீங்க. மறக்கல.

கத்திமுனை: பேச்சை மாத்தாதீங்க. ஃபோன் எடுத்தாங்களா, இல்லையா?

மூன்றாமாண்டு: தோல் தைக்கும்போது எடுத்தாங்க. அன்னிக்கு ராத்திரி அதே நோயாளிக்கு வலின்னதும், காய்ச்சல்காரப் பிள்ளையை வீட்டுல விட்டுட்டு ஓடி வந்தாங்க. அதைப் பத்தி ஏன் பேச மாட்டேங்கிறீங்க?

கத்திமுனை: பேசறேனே. காய்ச்சல்ல கிடக்கிற பிள்ளையை விட்டுட்டு வந்தாங்க. நேத்து நான் சொன்னதும் அதைத்தானே!

நிலாமகள்: ஃபோன் பேசினாலும் தப்பு, பிள்ளையை விட்டுட்டு நோயாளிகிட்ட வந்தாலும் தப்பா?

கத்திமுனை: முதல்ல ஃபோனுக்கு பதில் சொல்லுங்க.