நெல் வயல் மண்ணுல காட்மியமும் ஆர்சனிக்கும் சேர்ந்து இருக்கு, தண்ணி எப்படி வைக்கிறது?

எல்லாருக்கும் வணக்கம். மெட்டல் பிளேட்டிங் பட்டறை கழிவு கலந்த வாய்க்கால்லதான் 2 வருஷமா பாசனம், இப்ப வாய்க்கால மாத்திட்டேன் ஆனா மண்ணு மாறல. நட்டு 50 நாள் ஆச்சு, மடை ஓரத்துல 4 தூருக்கு மேல கட்டல, அதே ரகம் மறுகோடியில 14 தூர் நிக்குது. இளம் இலையில நரம்பு மட்டும் பச்சை, நடுவுல வெளுத்துப் போகுது. ஒரு குத்து பிடுங்கிப் பார்த்தேன், வேர் விரல் நீளம்கூட இல்ல, பழுப்பா தடிச்சு கெடக்கு, வெள்ளை வேரே இல்ல, பார்க்கவே மனசு கேக்கல.

மண் ரிப்போர்ட்ல பிஎச் 5.4 (அமில மண்ணு), கிலோவுக்கு காட்மியம் 3.1 மில்லிகிராம், ஆர்சனிக் 24.

முதல்ல சத்துக்குறைன்னு நெனச்சு யூரியா கூட்டிப் போட்டேன், பிரயோஜனமில்ல. அன்னபேதி (இரும்பு சல்பேட்) 2 தடவை தெளிச்சேன், ஒரு வாரம் பச்சை திரும்பி மறுபடி வெளுத்துடுச்சு. ஜிங்க் சல்பேட் அடியுரத்தோடயே போட்டாச்சு. சுண்ணாம்பு அடுத்த பட்டத்துக்குத்தான், நிக்கிற பயிர்ல மண்ணோட கலக்க முடியாது.

மகசூல் குறைஞ்சா தாங்கிக்கலாம், அரிசியில ஏறிடுமோன்னுதான் பயம், சாப்பிடப்போறது குழந்தைங்களும்தானே. பாலிஷ் பண்ண அரிசிக்கு கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தரம்) வரம்பு கிலோவுக்கு காட்மியம் 0.4 மில்லிகிராம், கனிம ஆர்சனிக் 0.2. தண்ணி நின்னா காட்மியம் கந்தகத்தோட சேர்ந்து மண்ணுலயே அடங்கிடும் ஆனா ஆர்சனிக் கரைஞ்சு பயிருக்குள்ள போகும், காய விட்டா அப்படியே தலைகீழ்.

இன்னும் 2 வாரத்துல கதிர் வந்துடும். ரெண்டும் இருக்குற மண்ணுல, பூக்குறதுல இருந்து பால் பிடிக்கிற வரைக்கும் தண்ணி கட்டியே வைக்கவா, இல்ல காயப்போட்டு காயப்போட்டு பாய்ச்சவா?